கி.மீ. 104-இல் இறங்கி ஒரு நாள் இன்கா பாதை: வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தண்டமா?

2 ஜூன் 2024, காலை (கேள்வி)

செப்டம்பரில் பெரு போகிறோம், நான், அம்மா, தங்கை. நான்கு நாள் இன்கா பாதைக்கு லீவும் இல்லை, என் முட்டியும் ஒத்துழைக்காது. கி.மீ. 104 என்ற இடத்தில் ஆரம்பித்து, ஸ்பானியர்களுக்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களின் பழைய மலை நகரமான மச்சு பிச்சுவில் முடியும் ஒரு நாள் நடை இருக்கிறதாம். ஆனால் வழிகாட்டி கட்டாயம் என்று சொல்லித் தலைக்கு நானூறு, ஐநூறு டாலர் கேட்கிறார்கள். பாதை ஒன்றுதானே, ஒரு நாள்தானே, எதற்கு ஆள்? இது சும்மா காசு பிடுங்கும் வேலை என்பது என் கட்சி. அம்மாவுக்கு 58 வயது, தினம் ஐந்து கி.மீ. நடப்பார். முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

போன வருஷம் மே மாதம் நானும் மனைவியும் போனோம். உங்கள் கட்சியில் நானும் பாதி சேருகிறேன். வழி தவறவே முடியாத பாதை. மலைச்சரிவில் ஒரே கோடு, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே ஆறு. ஆனால் வழிகாட்டி இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது அரசு விதி, பேரம் பேச இடமில்லை.

ஒல்லாந்தாய்தாம்போ என்ற ஊரில் காலை ரயில் ஏற வேண்டும். 104 என்பது குஸ்கோ நகரத்திலிருந்து அளந்த ரயில் பாதைக் கணக்கு, நடக்க வேண்டிய தூரம் அல்ல (என் மாமனார் பயந்தேவிட்டார்). நடை 10, 12 கி.மீ.தான். ஸ்டேஷன் என்று ஒன்றும் கிடையாது. ரயில் நிற்கும், நடக்கப்போகிறவர்கள் மட்டும் ஜல்லியில் இறங்குவார்கள், மற்ற பயணிகள் ஜன்னல் வழியாக நம்மை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்ப்பார்கள், ரயில் போய்விடும். அப்புறம் உருபம்பா ஆற்றின் மேல் ஒரு பாலம், சோதனைச் சாவடி, அவ்வளவுதான், ஏற ஆரம்பிக்கலாம்.

ஆரம்பம் கிட்டத்தட்ட 2,100 மீட்டர். வழியில் வரும் இன்கா இடிபாடான வின்யாய் வைனா 2,650. கடைசி வாசலான இந்தி புங்கு 2,700-ஐத் தாண்டும். அங்கிருந்து 2,430-இல் இருக்கும் மச்சு பிச்சுவுக்கு இறக்கம். ஆறு, ஏழு மணி நேரம். அம்மாவுக்குத் தாராளமாக முடியும்.

(அந்த மலை மக்களின் கெச்சுவா மொழியில் இந்தி என்றால் சூரியன், புங்கு என்றால் வாசல். வேறு எதையும் நினைத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

3 ஜூன்

மேலே "தாராளமாக" என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மனைவி படித்துவிட்டு, "நீங்க மூணு தடவை உட்கார்ந்ததை எழுதலையே" என்றாள். நான்கு தடவை, உண்மையைச் சொன்னால்.

முடியும், ஆனால் எது கஷ்டம் என்று தெரிந்துகொண்டு போங்கள். தூரம் கஷ்டமில்லை, உயரம்கூட அவ்வளவு இல்லை. வெயில்தான். முதல் மூன்று மணி நேரம் பெரும்பாலும் மரமில்லாத புல் சரிவில் ஏற்றம், காலை ஒன்பது மணிக்கே முதுகைச் சுடும். மூடுபனிக் காடு, மூடுபனிக் காடு என்று எல்லோரும் எழுதியதை நம்பி நான் தொப்பியைப் பையின் அடியில் வைத்திருந்தேன். காடு அப்புறம்தான் வரும்.

மூச்சுத் திணறல் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். கவனியுங்கள், குஸ்கோ நகரம் 3,400 மீட்டர், இந்தப் பாதையின் உச்சியே அதைவிட எழுநூறு மீட்டர் கீழே. தலைவலி, வாந்தி எல்லாம் வந்தால் குஸ்கோவில் விமானம் விட்டு இறங்கிய அன்றே வரும். அதனால் முதல் நாளே குஸ்கோவில் தங்காமல், நேராக ஒல்லாந்தாய்தாம்போவுக்கு (2,790) இறங்கிவிட்டால் நல்லது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. குஸ்கோவில் முதல் ராத்திரி கோக்கா இலைத் தேநீர் குடித்துக்கொண்டே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

3 ஜூன், சற்று நேரம் கழித்து

பெர்மிட் விஷயம் மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம்.

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எண்ணும் பெர்மிட்டில் அப்படியே இருக்க வேண்டும். இது நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஏற்பாடு செய்த ஏஜென்ட், கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று அவராகவே முடிவுசெய்து அப்பா பெயரை அங்கே போட்டு, என் பெயரை நடுவில் தள்ளி, புதிதாக ஓர் ஆளை உருவாக்கியிருந்தார். சாவடியில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். ரயில் போய்விட்டது. பின்னால் ஆறு. எனக்கு வியர்த்துவிட்டது.

எங்கள் வழிகாட்டி முதலில் ஸ்பானிஷில் பேசினார், எடுபடவில்லை. கெச்சுவாவுக்கு மாறினார். இருபது நிமிஷம். என்ன பேசினார் என்று பிற்பாடு கேட்டேன். "இவங்க ஊரில் அப்பா பேரைத்தான் பின்னால் போட்டுக்குவாங்க, அப்பாவுக்கு மரியாதை, அதில் என்ன தப்பு என்று கேட்டேன்" என்றார். நான் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை! எண் சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

ஆக, வழிகாட்டி தண்டமா என்ற கேள்விக்கு என் முதல் பதிலில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது.

இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதையும் எடுத்துப் போங்கள். கைத்தடிக்கு ரப்பர் முனை வேண்டும், இரும்பு முனை கூடாது.

5 ஜூன்

தனிச்செய்தியில் ஒருவர்: "பெர்மிட் கிடைக்குமா, நான்கு நாள் பாதைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாமே?" நான்கு நாள் பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேர், அதில் சுமை தூக்குகிறவர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் அடக்கம், அதனால்தான் அந்தத் தட்டுப்பாடு. ஒரு நாள் பாதைக்குத் தனி ஒதுக்கீடு, கொஞ்சம் சுலபம். பிப்ரவரியில் போக நினைக்காதீர்கள், பராமரிப்புக்காக இன்கா பாதையை மூடிவிடுவார்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு.

8 ஜூன்

அப்புறம் அந்த வழிகாட்டியைப் பற்றி. பெயர் போடவில்லை, பள்ளத்தாக்கின் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும்.

ஆரம்பத்தில் எனக்கு அவர் மேல் எரிச்சல்தான். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே சச்சபம்பா என்ற இடிபாடு. மற்ற குழுக்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தன. இவர் பையை இறக்கிவைத்துவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அவர் சட்டைப்பையிலிருந்து கோக்கா இலை எடுத்து, நல்லதாக மூன்று பொறுக்கி, காம்பு கீழே வரும்படி விசிறி மாதிரி அடுக்கி, இரண்டு கையாலும் வாய்க்கு நேரே பிடித்து மலையைப் பார்த்து ஊதினார். கிந்து என்பார்களாம். மலைகளை அவர்கள் அப்பு என்கிறார்கள், அப்புவிடம் அனுமதி கேட்காமல் ஏறக் கூடாது. பெர்மிட் கையில் இருக்கிறதே என்று நான் ஜோக் அடித்தேன். "அது அரசாங்கத்துக்கு" என்றார்.

சச்சபம்பாவில் நடுவில் செதுக்கிய ஒரு பெரிய பாறை, அதைச் சுற்றிக் குளியல் தொட்டிகள், மொத்தம் பதினான்கு. ஊர் அல்ல, வழிபாட்டு இடம். மச்சு பிச்சுவுக்குப் போகிறவர்கள் இங்கே தண்ணீர் சடங்கு செய்துவிட்டுத்தான் ஏறியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் அன்றைக்கு அதையெல்லாம் காதில் வாங்காமல், மேலே மேகம் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

9 ஜூன்

"அப்பு" என்பது யாழ்ப்பாணத்தில் பெரியவரைக் கூப்பிடும் சொல், ஆகவே இன்காக்கள் தமிழர்கள் என்று ஒருவர் கீழே ஆரம்பித்திருக்கிறார். ஐயா, வேண்டாம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், அது உண்மை. ஏறும்போது மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க அவர் கெச்சுவா சொல்லிக்கொடுத்தார். வாசி என்றால் வீடு. வாசிய், என் வீடு. வாசிய்குனா, என் வீடுகள். வாசிய்குனாபி, என் வீடுகளில். ஒட்டிக்கொண்டே போகிறது. வினைச்சொல்லும் நம்மைப் போலவே வாக்கியக் கடைசியில் வரும். வீடு, வீடுகள், வீடுகளில் என்று நானும் பதிலுக்குச் சொல்ல, அவர் பாதையிலேயே நின்று சிரித்தார். உறவு எதுவும் கிடையாது, உலகத்தில் இப்படி ஒட்டு மொழிகள் நிறைய இருக்கின்றன, துருக்கியும் அப்படித்தான். இருந்தாலும் 2,400 மீட்டரில் வேற்றுமை உருபு பேசியது சந்தோஷமாக இருந்தது.

11 ஜூன்

மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தது பிங்காம்தானா என்று கீழே நடக்கும் வாக்குவாதத்துக்கு. அமெரிக்கரான ஹைரம் பிங்காம் மச்சு பிச்சுவுக்கு வந்தது 24 ஜூலை 1911. "கண்டுபிடித்தார்" என்று எழுதுவது வசதி. அவரைக் கூட்டிப் போனவர் மெல்ச்சோர் அர்த்தெயாகா என்ற உள்ளூர் விவசாயி. மேலே அப்போதே சில குடும்பங்கள் அந்த அடுக்கு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன, சுற்றிக் காட்டியது அங்கே இருந்த ஒரு சின்னப் பையன். அகுஸ்தீன் லிசாராகா என்பவர் 1902-இலேயே வந்து கரியால் தன் பெயரையும் வருஷத்தையும் சுவரில் எழுதிவைத்திருந்ததை பிங்காமே பார்த்தார். சுவரில் பெயர் எழுதும் பழக்கத்துக்கும் ஒரு வரலாற்றுப் பயன் இருந்திருக்கிறது, என்ன செய்ய.

பிங்காம் வராமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்ற வாதத்துக்கு ஒரு பதில்: இதே மலையில் இருக்கும் வின்யாய் வைனா அவர் கண்ணில் படவில்லை. 1941-இல்தான் பால் ஃபெயோஷ் குழு அதைப் புதரிலிருந்து வெளியே எடுத்தது. பெயர் வைத்தவர் பெருவின் தொல்லியலாளர் ஹூலியோ தெல்யோ. என்றும் இளமை என்று பொருள், அங்கே வளரும் ஓர் ஆர்க்கிட்டின் பெயர் அது. நம் பேச்சில் சொன்னால் என்றும் பதினாறு.

அந்தப் பூவை நாங்கள் பார்த்தோம், போட்டோ போடுகிறேன்.

12 ஜூன்

சைவச் சாப்பாடு கேட்டவருக்கு: "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னோம், பொட்டலத்தில் கோழி வந்தது. கோழி இறைச்சிக் கணக்கில் வராதாம். கோழி, மீன், முட்டை என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அன்று எங்களைக் காப்பாற்றியது ஒல்லாந்தாய்தாம்போவில் வாங்கிய சோளம்தான். அவித்த கதிர், ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் அளவு, கூட ஒரு துண்டு பாலாடைக்கட்டி. ரோகோட்டோ மிளகாயைச் சாதாரணமாக நினைத்துக் கடித்தது தனிக்கதை. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது, அவர்களிடமே போய் வீரம் காட்டக் கூடாது.

கழிப்பறை வின்யாய் வைனா முகாம் பக்கம் உண்டு. மச்சு பிச்சு வளாகத்துக்குள் கிடையாது, வாசலுக்கு வெளியேதான்.

15 ஜூன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

வின்யாய் வைனாவுக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். சற்று முன்னால் ஒரு அருவி, அதைத் தாண்டியதும் செங்குத்தாக மேலே போகும் அடுக்கு வயல்கள், வளைவாக, ஒரு அரங்கத்தின் இருக்கைகள் மாதிரி. நாம் கீழே நிற்கிறோம். கீழ்க் கட்டடங்களையும் மேல் கட்டடங்களையும் ஒரு நீளமான படி வரிசை இணைக்கிறது, அதன் ஓரமாகவே நீர்த்தாரைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்குகின்றன. அங்கே மொத்தம் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தோம்.

வழிகாட்டி ஒரு தாரையின் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் காட்டினார். தண்ணீர் விழும் கல்லின் உதட்டில் ஒரு சின்னக் காடி, இரண்டு விரல் அகலம். அது இல்லாவிட்டால் தண்ணீர் கல்லை நக்கிக்கொண்டே சுவரில் வழிந்து போகும். காடி இருப்பதால் குவிந்து, கல்லை விட்டு எட்டித் துள்ளி விழுகிறது, கீழே குடம் வைத்தால் நேராகக் குடத்துக்குள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ தண்ணீரை விட்டுப் பார்த்து, கொஞ்சம் செதுக்கி, மறுபடி விட்டுப் பார்த்திருக்கிறான். வழிகாட்டி இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான், "போகலாமா, இந்தி புங்குவில் வெளிச்சம் போய்விடும்" என்றேன்.

இருபத்தைந்து நிமிஷம். அவ்வளவுதான் அங்கே இருந்தோம். கேமராவில் நேரம் இருக்கிறது.

அப்புறம் காட்டுப்பாதை, நிழல், பாசி, நல்ல நடை, எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, வேகமாக நடந்ததுதான் ஞாபகம். வாசலுக்கு முன்னால் அந்தப் பிரபலமான செங்குத்துப் படிகள், ஐம்பது இருக்கும், எல்லோரும் கையையும் ஊன்றி ஏறுகிறார்கள். நானும் குரங்கு மாதிரி ஏறினேன். மேலே போய் நின்றால் வெள்ளைச் சுவர். மேகம். மச்சு பிச்சு இல்லை, எதிர் மலை இல்லை, பக்கத்தில் நின்ற மனைவியே பாதிதான் தெரிந்தாள். நாற்பது நிமிஷம் உட்கார்ந்தோம். மேகம் விலகி ஒளி பாய்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். விலகவில்லை. ஐந்தரைக்குக் கடைசி பஸ், இறங்கிவிட்டோம். பாதி இறக்கத்தில் ஒரு மூலை மட்டும் திறந்தது, இரண்டு கூரையில்லாத வீடும் ஒரு லாமாவும் தெரிந்தன.

மறுநாள் தனிச் சீட்டில் போய் எல்லாம் பார்த்தோம், பளிச்சென்ற வெயில், அஞ்சல் அட்டையில் இருப்பது அப்படியே. பிரமாதம். ஆனால் அந்தக் காடி வெட்டிய கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவசரப்படுத்தினது வழிகாட்டி இல்லை, நான்.

16 ஜூன்

"அப்படியென்றால் முதல் பதிவைத் திருத்துவீர்களா?" மாட்டேன், இருக்கட்டும். பாதை ஒன்றுதான், வழி தவறாது. அது உண்மைதானே.

20 ஜூன்

பூ விஷயத்தில் தப்பு. செடிகள் தெரிந்த நண்பர் என் போட்டோவைப் பார்த்துவிட்டு இது ஆர்க்கிட்டே இல்லை என்றுவிட்டார். எடுத்துவிட்டேன். அருவி பக்கம் வழிகாட்டி ஏதோ காட்டினார், நான் அப்போது தண்ணீர் பாட்டிலுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தேன்.

2 ஜூலை

பெர்மிட் கிடைக்காதவர்களுக்கு ஒரு மாற்று. ஒல்லாந்தாய்தாம்போவில் ஊருக்கு மேலே பிங்குயியூனா என்ற மலை. சீட்டு இல்லை, வழிகாட்டி கட்டாயமில்லை. முக்கால் மணி நேரம் செங்குத்தாக ஏறினால் இன்காக்களின் தானியக் கிடங்குகள். வயல் கீழே இருக்க, கிடங்கை ஏன் அவ்வளவு உயரத்தில் கட்டினான்? காற்றுக்கு. குளிர்ந்த காற்று ஓயாமல் அடிக்கிற இடத்தில் வைத்தால் தானியம் கெடாது. அங்கிருந்து எதிரே பார்த்தால் 1537-இல் இன்கா அரசர் மான்கோ இன்கா ஸ்பானியப் படையைத் திருப்பி அடித்த கோட்டை முழுசாகத் தெரியும். அந்தக் கோட்டையில் உள்ள கோயிலின் பெரிய கற்கள் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மலையில் வெட்டிக் கொண்டுவந்தவை. வந்து சேராமல் வழியிலேயே கிடக்கும் கற்களை "களைத்த கற்கள்" என்கிறார்கள். அன்றைக்கு என் நிலைமையும் அதுதான். சறுக்கும், மழை நாளில் வேண்டாம்.

6 அக்டோபர்

கேள்வி கேட்டவர் போய் வந்து எழுதியிருக்கிறார், கீழே படியுங்கள். சுருக்கம்: அம்மா ஜோராக ஏறிவிட்டார், இவர் முட்டிதான் பாதியில் மக்கர். பெயர்ப் பிரச்சினை வரவில்லை, நல்லவேளை மூன்று பெர்மிட்டையும் முன்கூட்டியே எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாராம். கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி மச்சு பிச்சுவில் கடித்துக் கால் முழுக்கத் தடிப்பாம், அதை நான் எழுதவில்லை என்று குறை. நியாயம்தான். எங்களையும் கடித்தது. கணுக்கால் வரை மூடிய பேண்ட் போடுங்கள்.

வின்யாய் வைனாவில் அம்மா ஒன்றரை மணி நேரம் அந்தத் தாரை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாராம், கிளப்பவே முடியவில்லையாம். வழிகாட்டியும் அவரும் ஒரு மொழியும் பொதுவில்லாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்களாம். படித்ததும் பொறாமையாக இருந்தது, மறைக்கவில்லை.

அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அருவி பக்கம் அந்தப் பூவைப் பார்த்தாரா? என்ன நிறம்?